5.6.1 என்று எழுதி 5.4.5 என்று வாசிப்பது

கவிதை, சிறுகதை, நாவல் என்று பலவற்றைத் திறனாய்வு செய்து பழகியிருக்கிறோம். இம்முறை ஒரே ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். வரி என்றுகூடச் சொல்ல முடியாது, ஒரு பெயர்ச்சீட்டு. நிதானமா வாசிச்சுப் பாருங்க:

5.6.1+ரியலி5.4.5-1

நடுவில் இருப்பது 'உண்மையில்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்தான். தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். 2024 மார்ச் மாத இறுதியில், டெபியன் என்னும் லினக்ஸ் இயங்குதளத்தைப் பராமரிக்கும் தன்னார்வலர்கள் ஒரு மென்பொருளுக்கு இட்ட பதிப்பு எண் இது. விரித்துச் சொன்னால், "வெளியே 5.6.1 என்று எழுதியிருக்கிறது, உள்ளே இருப்பது உண்மையில் 5.4.5" என்று வரும். அட்டையில் ஒன்று, உள்ளே வேறொன்று. ஆனால் அதை அந்த அட்டையே ஒப்புக்கொள்கிறது!

ஏன் இப்படி ஒரு பெயர்? புதியது கெட்டுப்போச்சுன்னா பழையதை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போகவேண்டியதுதானே என்று கேட்பீர்கள். அது அவ்வளவு எளிதல்ல என்பதைத்தான் இந்தச் சீட்டு காட்டுகிறது.

முதலில் இந்த வேலையைச் செய்பவர் யார் என்று பார்ப்போம். தமிழில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. நூலுக்கும் 'பதிப்பு' என்கிறோம், மென்பொருளுக்கும் 'பதிப்பு' என்கிறோம். ஒரு நிரலை எழுதியவர் எங்கோ இருப்பார். அவர் அவ்வப்போது புதிய பதிப்புகளை வெளியிடுவார். டெபியன் போன்ற அமைப்புகளில் இருக்கும் பொதி கட்டுபவர் அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, தம் இயங்குதளத்துக்கு ஏற்ற சில திருத்தங்களைச் செய்து, பொதியாகக் கட்டிக் களஞ்சியத்தில் வைப்பார். நம் கணினிக்கு வருவது அந்தப் பொதிதான். சுவடிகளை ஒப்பிட்டு நூலாக்கிய பதிப்பாசிரியரின் வேலையும் ஏறக்குறைய இதுவே. ஆகவே பொதி கட்டுபவரிடமும் அதே கேள்விகளைக் கேட்கலாம். எந்தப் படியை மூலமாகக் கொண்டீர்கள்? எங்கே கை வைத்தீர்கள்? கை வைத்ததை அடிக்குறிப்பில் சொன்னீர்களா? இந்தக் கட்டுரையில் என் அளவுகோல் இவ்வளவுதான்.

டெபியனில் மூன்று அடுக்குகள் உண்டு. புதிதாக வருவது முதலில் 'நிலையற்ற' அடுக்குக்குப் போகும். சில நாள்கள் பெரிய புகார் எதுவும் வராவிட்டால் 'சோதனை' அடுக்குக்கு நகரும். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் உறையவைத்து 'நிலையான' பதிப்பாக வெளியிடுவார்கள். எனவே ஒரே மென்பொருள் ஒரே நாளில் வெவ்வேறு வயதுகளில் அங்கே இருக்கும்.

இனி நடந்த கதை. எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு கருவி. பெயர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள், ஆனால் லினக்ஸ் கணினிகளில் அது அநேகமாக எங்கும் இருக்கும். லாஸ்ஸே கொலின் என்ற ஃபின்லாந்து நிரலாளர் பல ஆண்டுகளாக அதைப் பராமரித்துவந்தார். பிறகு ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்தார். பெயரைப் பார்த்து நம்ம பக்கத்து ஆளோ என்று நினைத்துவிடாதீர்கள், அது புனைபெயர் என்றே கருதப்படுகிறது. 2021 இறுதியிலிருந்து அவர் பொறுமையாகத் திருத்தங்கள் அனுப்பி நம்பிக்கையைச் சம்பாதித்தார். அதே காலத்தில் முன்பின் தெரியாத சில பெயர்கள் கொலினுக்கு மடல் எழுதி, வேலை மெதுவாக நடக்கிறது, பொறுப்பை வேறொருவரிடம் கொடுக்கக்கூடாதா என்று நச்சரித்தன. கொலின் தம் கையால் கட்டி வெளியிட்ட 5.4.1, 2023 ஜனவரியில் வந்தது. அடுத்து மார்ச்சில் வந்த 5.4.2 ஜியா டான் வெளியிட்டது. இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

2024 பிப்ரவரி 24 அன்று 5.6.0 வந்தது. அதற்குள் ஒரு கள்ளக்கதவு ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் சேவையை அது குறிவைத்தது. உரிய சாவி வைத்திருப்பவர் கடவுச்சொல் இல்லாமலே உள்ளே புகுந்து எதையும் இயக்கலாம். அந்தப் பதிப்பைப் பயன்படுத்திய சிலருக்கு வால்கிரைண்ட் என்ற சோதனைக் கருவி பிழைச் செய்திகளைக் காட்டியது. உடனே மார்ச் 9 அன்று 5.6.1 வந்தது. பிழைகள் போய்விட்டன!

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். "புதிய பதிப்பு பழைய பிழையைத் திருத்தும்" என்பதுதானே நாம் எல்லாரும் நம்புவது? அந்த நம்பிக்கையைத்தான் இங்கே கருவியாக்கியிருக்கிறார்கள். 5.6.1 பிழையைத் திருத்தியது உண்மை. ஆனால் திருத்தப்பட்டது கள்ளக்கதவின் கீல் போட்ட கிரீச் சத்தம். கதவு அப்படியே இருந்தது. அதோடு விடவில்லை. மார்ச் 25 அன்று, புதியது வந்துவிட்டது, சீக்கிரம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று டெபியனுக்கே ஒரு கோரிக்கை வந்தது. அதை ஆதரித்து வேறு சில புதிய பெயர்களும் எழுதின. அந்தக் கோரிக்கை ஏற்கப்பட்டு 5.6.1 உள்ளே வந்தது. பொதி கட்டுபவர்களின் அவசரத்தை நான் இங்கே குறை சொல்லத்தான் செய்வேன். ஆனால் தினம் தினம் இப்படிப்பட்ட கோரிக்கைகள் வந்து குவிகிற இடத்தில், சம்பளமில்லாமல் உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றிப் பேசுகிறோம் என்பதையும் மறந்துவிடக்கூடாது.

பிடிபட்டது எப்படி? போஸ்ட்கிரெஸ் தரவுத்தள நிரலாளரும் மைக்ரோசாஃப்ட் பொறியாளருமான ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், டெபியனின் நிலையற்ற அடுக்கில் வேறு ஏதோ வேக அளவீடு செய்துகொண்டிருந்தார். எஸ்எஸ்எச் நுழைவு 0.299 வினாடிக்குப் பதிலாக 0.807 வினாடி எடுத்தது. அரை வினாடி! நாமாக இருந்தால் இணையம் மெதுவாக இருக்கிறது என்று விட்டிருப்போம். அவர் நூலைப் பிடித்துக்கொண்டே போய் எக்ஸ்இசட்டில் வந்து நின்றார். 2024 மார்ச் 29, வெள்ளிக்கிழமை அதைப் பகிரங்கமாக எழுதினார்.

உடனே முடிவெடுக்க வேண்டியிருந்தது. பழைய பதிப்புக்குப் போக வேண்டும் என்பதில் டெபியனில் குழப்பம் இல்லை. ஆனால் பொதிகளைப் புதுப்பிக்கும் நிரலுக்கு ஒரே ஒரு திசைதான் தெரியும், மேல்நோக்கி. கணினியில் 5.6.1 இருக்கிறது, களஞ்சியத்தில் 5.4.5 வைத்தால் "என்னிடம் இருப்பதே பெரியது" என்று அது பேசாமல் இருந்துவிடும். நச்சுள்ள பதிப்பு ஆயிரக்கணக்கான கணினிகளில் அப்படியே தங்கிவிடும். எனவே உள்ளே பழையதை வைத்து, வெளியே பெரிய எண் போட்டாக வேண்டும். பதிப்பு எண்ணை ஒப்பிடும் விதிப்படி 5.6.1 என்பதற்குப் பின்னால் கூட்டல் குறி போட்டு எதையாவது சேர்த்தால் அது 5.6.1ஐ விடப் பெரியது. அதே சமயம், பின்னால் நல்ல 5.6.2 வந்தால் அதைவிடச் சிறியது. இயந்திரத்துக்கு ஒரு செய்தி, மனிதருக்கு ஒரு செய்தி. இரண்டையும் ஒரே சீட்டில் எழுதவேண்டிய கட்டாயத்தில் பிறந்ததுதான் அந்த 'ரியலி'. இது அன்று கண்டுபிடித்த உத்தி அல்ல, டெபியனில் இப்படிப் பின்வாங்கும்போது ஏற்கெனவே பழக்கத்தில் இருந்த வழிதான்.

மற்றவர்கள் இதே நெருக்கடியை எப்படி எழுதினார்கள் என்று பக்கத்தில் வைத்துப் பாருங்க, சுவை கூடும். ஓப்பன்சூசே அமைப்பு '5.6.1.ரிவர்ட்டூ5.4' என்று எழுதியது, அதாவது '5.4க்குத் திரும்பியது'. ஃபெடோரா '1:5.4.6' என்றது. முன்னால் இருக்கும் அந்த ஒன்றும் முக்காற்புள்ளியும் 'இனிமேல் எண்ணுவது புதிய கணக்கு, பழைய ஒப்பீடு செல்லாது' என்று இயந்திரத்திடம் சொல்கின்றன. ஆர்ச் பின்வாங்கவே இல்லை. கள்ளக்கதவைக் கட்டியெழுப்பும் கட்டளை, வெளியீட்டுக்காகத் தயாரித்த சுருக்கக் கோப்பில்தான் இருந்தது, பொதுவில் இருந்த மூல நிரல் களஞ்சியத்தில் இல்லை. ஆகவே ஆர்ச் அந்தக் களஞ்சியத்திலிருந்தே மறுபடி கட்டி '5.6.1-2' என்று வெளியிட்டது.

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் மறுக்கலாம். ஆர்ச்சின் '-2' நான்கில் மிக ஊமையானது. இரண்டாம் முறை கட்டினோம் என்பதைத் தவிர அதில் வேறு செய்தி இல்லை, விளக்கத்தை வேறு அறிவிப்பில் தேட வேண்டும். ஃபெடோராவின் எண் உள்ளே இருப்பதைச் சரியாகச் சொல்கிறது, ஆனால் முன்னால் ஒட்டிய ஒன்றைப் பிறகு பிய்க்க முடியாது. ஒரு நாள் நெருக்கடியின் தழும்பு என்றைக்கும் நிற்கும். ஓப்பன்சூசே செயலைச் சொல்கிறது, டெபியன் நிலையைச் சொல்கிறது. இரண்டும் நேர்மையானவையே. எனக்கு டெபியன்தான் பிடித்திருக்கிறது. எந்த 5.4 என்பதைக் கடைசி இலக்கம் வரை அது சொல்லிவிடுகிறது.

குறையும் உண்டு. எண்ணின் தலையை மட்டும் பார்ப்பவர் கண்ணில் 5.6.1 என்பதே படும், நச்சு இன்னும் இருக்கிறது என்று பதறுவார். ஏன் திரும்பினோம் என்ற காரணமும் சீட்டில் இல்லை. அதற்குத் தனியாகப் பாதுகாப்பு அறிவிப்பைப் படிக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய கேள்வி, ஏன் 5.4.5? நினைவில் வைக்கச் சொன்ன எண்களை இப்போது எடுங்கள். கொலின் கட்டி வெளியிட்ட கடைசிப் பதிப்பு 5.4.1. ஆனால் டெபியன் திரும்பிப் போன 5.4.5, ஜியா டான் 2023 நவம்பரில் வெளியிட்டது! கள்ளன் கைபட்ட வீட்டின் வேறோர் அறைக்குக் குடிபோனதுபோல் இல்லையா இது? டெபியனுக்குள்ளேயே இந்த எதிர்ப்பு எழுந்தது. அந்த ஆளின் திருத்தம் எதுவும் இல்லாத இன்னும் பழைய நிலைக்குப் போக வேண்டும் என்று வாதிட்டார்கள். மறுபக்கத்தின் பதிலும் கனமானது. மற்ற நிரல்கள் 5.4 வரிசையில் வந்த புதிய வசதிகளை ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டிருந்தன. பொதிகளை நிறுவும் அடிப்படைக் கருவியே அதில் ஒன்று. ரொம்பப் பின்னால் போனால் அவை உடையும். கணினியைக் காப்பாற்றப் போய்க் கணினியை உடைத்த கதையாகிவிடும்.

முதல் நாளுக்கு 5.4.5 சரியான தேர்வு என்றே நினைக்கிறேன். அதற்கு முன் டெபியனில் ஓடிக்கொண்டிருந்தது அதுதான், மற்ற எல்லாவற்றோடும் ஒத்துப்போகும் என்று தெரிந்திருந்தது. ஆனால் அது தூய்மையானது என்று சான்று பெற்ற பதிப்பு அல்ல. அந்த நொடியில் கிடைத்ததில் தெரிந்த தீமை இல்லாத பதிப்பு. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் பல செய்திக் கட்டுரைகள் விழுங்கிவிட்டன. 'பாதுகாப்பான பழைய பதிப்புக்குத் திரும்பினர்' என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டன. சீட்டு அப்படிச் சொல்லவில்லை. 'உண்மையில் 5.4.5' என்றுதான் சொல்கிறது, 'உண்மையில் பாதுகாப்பானது' என்று அல்ல. கருத்துணர்தல் வகுப்பில் (சிங்கப்பூர் நண்பர்களுக்குக் கருத்தறிதல்) பத்தியில் இல்லாததை விடையில் எழுதாதே என்று தலையில் அடித்துக்கொள்கிறோமே, அதே பிசகு.

இன்னொன்றும் சொல்லவேண்டும், இது பொதி கட்டுபவர்கள் விரும்பாத சங்கதி. மூல எஸ்எஸ்எச் நிரலுக்கும் எக்ஸ்இசட்டுக்கும் நேரடித் தொடர்பே கிடையாது. டெபியன் உள்ளிட்ட சில அமைப்புகள் தங்கள் வசதிக்காக எஸ்எஸ்எச்சில் ஒரு திருத்தம் செய்து, சிஸ்டம்டி நூலகத்தோடு இணைத்திருந்தன. அந்த நூலகம் எக்ஸ்இசட்டின் நூலகத்தை இழுத்து வந்தது. ஆர்ச்சில் அந்தத் திருத்தம் இல்லை, எனவே அங்கே எஸ்எஸ்எச்சுக்கு இந்த வழி இல்லை. கள்ளன் வந்த பாதையைப் போட்டது பதிப்பாசிரியரின் சொந்தத் திருத்தம் என்று சொன்னால் கடுமையாக இருக்கும், ஆனால் தவறாக இருக்காது.

இதைப் படித்துவிட்டு, "பழசுதான் பாதுகாப்பு" என்று கட்டுரை எழுதப் புறப்பட்டுவிடாதீர்கள். அதே டெபியனில் 2006 செப்டம்பரில் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்கப் பொதியில் ஒரு திருத்தம் நடந்தது. காரணம் அதே வால்கிரைண்ட் கருவியின் எச்சரிக்கை. எச்சரிக்கையை நிறுத்தப் போய், சாவிகளை ஊகிக்க முடியாதபடி செய்யும் பகுதியையே அணைத்துவிட்டார்கள். அதன் பின் உருவான சாவிகளில் உண்மையான வேறுபாடு 32,768 செயல்முறை எண்களுக்குள் அடங்கிவிட்டது. இது வெளியே தெரிந்தது 2008 மே 13 அன்று. நடுவில் 2007 ஏப்ரலில் ஒரு நிலையான பதிப்பே அந்தப் பழுதோடு வெளியாகி, நம்பகமான பழைய பதிப்பு என்ற பெயரோடு உலகம் முழுவதும் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே பழையதைக் கட்டிக்கொண்டிருந்தவருக்குத்தான் ஆபத்து, புதியதே மருந்து. ஒரே கருவியின் எச்சரிக்கை 2006இல் கேட்டைக் கொண்டுவந்தது, 2024இல் கேட்டைக் காட்டிக்கொடுக்க உதவியது. கருவி மாறவில்லை, எச்சரிக்கையை வாசித்த விதம்தான் மாறியது.

மூன்றாவது வழியும் உண்டு. 2023 டிசம்பரில் டெபியன் 12.3 வெளிவர இருந்த நேரத்தில், அதில் சேர்த்திருந்த 6.1.64 லினக்ஸ் கருநிரல் வட்டில் உள்ள தரவைச் சிதைக்கக்கூடும் என்று தெரிந்தது. பழையதற்கு ஓடாமல் வெளியீட்டை நிறுத்திவைத்தார்கள். பழுது நீங்கிய புதிய கருநிரலோடு டிசம்பர் 10 அன்று 12.4 வந்தது. 12.3 நிறுவல் வட்டு என்று ஒன்று வரவே இல்லை. வரிசையில் அந்த இடம் காலி. அதை நிரப்பி அழகுபடுத்தாமல் விட்டதையும் நான் நேர்மையான எழுத்தாகவே வாசிக்கிறேன்.

எக்ஸ்இசட்டுக்கே வருவோம். கொலின் திரும்பி வந்து, நிரலைப் பரிசோதித்து, கள்ளக்கதவு நீக்கிய 5.6.2ஐ 2024 மே 29 அன்று வெளியிட்டார். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல் இருப்பது 5.8.1. 'ரியலி' சீட்டு போய்விட்டது, மாற்றக் குறிப்பில் மட்டும் அதன் வரி இருக்கும். யாரும் 5.4.5ஐத் தெய்வமாக்கிக் கும்பிட்டுக்கொண்டு உட்காரவில்லை.

வகுப்பில் பயன்படுத்த விரும்பும் ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை. எஸ்பிஎம், ஓ லெவல் மாணவர்களிடம் கதையைச் சொல்லாமல் அந்த நான்கு சீட்டுகளை மட்டும் கொடுங்கள். ஒவ்வொன்றிலும் இருந்து உறுதியாகத் தெரிவது என்ன, தெரியாதது என்ன என்று இரண்டு பத்தியில் எழுதச் சொல்லுங்கள். கணினிப் பாடம் எடுக்காதவர்களாலும் முடியும், இது வாசிப்புப் பயிற்சிதான். பிறகு கதையைச் சொல்லி, தங்கள் விடையில் எந்த வரி ஊகம் என்று அவர்களையே கோடு போடச் சொல்லலாம். கடைசியாக, உங்கள் பயிற்றிக் கோப்புறையைத் திரையில் காட்டினால் வகுப்பு கலகலப்பாகும். 'இறுதி', 'இறுதி2', 'இதுதான் இறுதி' என்று மூன்று கோப்புகள் அதில் இல்லாமலா இருக்கும்? எதை அச்சுக்கு அனுப்பலாம், ஏன் என்று அவர்களே சொல்லட்டும்.